சி-ல ஐபி அட்ரஸை டெக்ஸ்ட்டா மாத்தணும், டெக்ஸ்ட்ல இருந்து திருப்பணும்: நாலு வழியில எதை எடுக்கறது?

ஒரு சின்ன சோதனைல ஆரம்பிக்கலாம். 010.8.8.8 அப்படின்னு ஒரு ஸ்ட்ரிங் எடுத்துக்கோங்க. முன்னாடி ஒரு பூஜ்யம் இருக்கு, அவ்வளவுதான். இதை சி-யோட ஐநெட்_ஏடூஎன் ஃபங்ஷன் கிட்ட குடுத்தா அது 8.8.8.8-னு எடுத்துக்கும், ஏன்னா பூஜ்யத்துல ஆரம்பிச்சா அதுக்கு அது ஆக்டல், அதாவது எட்டை அடிப்படையா வெச்ச எண். அதே ஸ்ட்ரிங்கை நீங்களே எஸ்ஸ்கேன்எஃப் வெச்சு %டி.%டி.%டி.%டி-னு படிச்சா 10.8.8.8 வரும். ஐநெட்_பிடூஎன் கிட்ட குடுத்தா, இது அட்ரஸே இல்லனு திருப்பி அனுப்பிடும். ஒரே ஸ்ட்ரிங், மூணு பதில். இதுல 10.8.8.8 உள் நெட்வொர்க் அட்ரஸ், 8.8.8.8 வெளி உலகத்துல இருக்கற கூகுளோட டிஎன்எஸ் சர்வர் (பேரை ஐபி அட்ரஸா மாத்தித் தர்றது). உங்க கோட்ல அனுமதி பாக்கற இடம் ஒரு ஃபங்ஷனையும், கனெக்ட் பண்ற இடம் இன்னொரு ஃபங்ஷனையும் யூஸ் பண்ணுதுனு வைங்க. காவலாளி ஒருத்தரை பாத்து உள்ள விடறார், உள்ள போறது வேற ஆள். இது கற்பனை இல்ல, 2021 மார்ச்ல என்பிஎம்-ல (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள் கிடைக்கற இடம்) இருக்கற நெட்மாஸ்க் லைப்ரரில இதே முன்பூஜ்யப் பிரச்சினை சிவிஇ-2021-28918-ஆ வந்துச்சு, சிவிஇ-னா பாதுகாப்பு ஓட்டைக்குக் குடுக்கற பதிவு எண். அதே வருஷம் பைத்தான் 3.9.5-லயும் கோ 1.17-லயும் முன்பூஜ்யம் இருந்தா ஏத்துக்கக்கூடாதுனு மாத்தினாங்க.

சி-ல நெட்வொர்க் கோட் எழுத ஆரம்பிக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்வி இதுதான். ஸ்ட்ரக்ட்ல இருக்கற அட்ரஸை பிரிண்ட் பண்ணணும், கான்ஃபிக் ஃபைல்ல இருக்கறதை ஸ்ட்ரக்ட்டுக்குள்ள போடணும், அதுக்கு ஏன் இத்தனை ஃபங்ஷன், எது சரி? எல்லாமே வேலை செய்யற மாதிரிதான் இருக்கும். 192.0.2.1 குடுத்து டெஸ்ட் பண்ணா நாலு வழியும் ஒரே பதில் சொல்லும், வித்தியாசம் வர்றது ஓரத்துல இருக்கற கேஸ்ல, அது எப்பவும் ப்ரொடக்‌ஷன்ல ராத்திரிலதான் கண்ணுல படும்.

எதை வெச்சு எடை போடறது

ஃபங்ஷன் பேரைப் பாக்கறதுக்கு முன்னாடி நமக்கு என்ன வேணும்னு முடிவு பண்ணிக்கணும். நான் பாக்கறது இதெல்லாம்:

- கறார்: தப்பான டெக்ஸ்ட்டை தப்புனு சொல்லுதா, இல்ல தன் இஷ்டத்துக்கு ஒரு அர்த்தம் பண்ணிக்குதா?
- ஐபிவி6 தெரியுமா? அதுலயும் எஃப்ஈ80-ல ஆரம்பிக்கற லிங்க்-லோக்கல் (நேரா இணைஞ்ச நெட்வொர்க்குக்குள்ள மட்டும் செல்லற) அட்ரஸோட இன்டர்ஃபேஸ் பேரு சேந்து வந்தா புரிஞ்சுக்குமா?
- விடை எழுதற பஃபர் யாரோடது? நம்மளோடதா, லைப்ரரியோட ஸ்டாட்டிக் பஃபரா?
- தோத்துப் போனா அதை எப்படி சொல்லுது, சரியான விடையையும் தோல்வியையும் குழப்புமா?
- சும்மா டெக்ஸ்ட் மாத்தற வேலைக்கு நமக்குத் தெரியாம நெட்வொர்க்குக்குப் போயிடுமா?

இதுல முதலாவதுக்கும் கடைசிக்கும்தான் நான் அதிக எடை குடுப்பேன். பஃபர் விஷயம் ஒரு தடவை அடி வாங்கினா பழகிடும், ஆனா தப்பான டெக்ஸ்ட்டை அமைதியா ஏத்துக்கறதும் சொல்லாம டிஎன்எஸ் கேக்கறதும் வருஷக்கணக்கா கோட்ல ஒளிஞ்சு கிடக்கும்.

இன்னொண்ணு. டெக்ஸ்ட்ல இருந்து ஸ்ட்ரக்ட்டுக்கு வர்றதும், ஸ்ட்ரக்ட்ல இருந்து டெக்ஸ்ட்டுக்குப் போறதும் ரெண்டு தனி வேலை. வெளியில இருந்து உள்ள வர்ற டெக்ஸ்ட்டை யாரு வேணா எழுதியிருக்கலாம், வெளிய போற டெக்ஸ்ட் நாம எழுதறது. ஒரே குடும்பத்து ஜோடியைத்தான் ரெண்டு பக்கமும் யூஸ் பண்ணணும்னு ஒரு சட்டமும் இல்ல, நிறைய பேர் அப்படி நினைச்சுக்கிட்டுதான் மாட்டிக்கறாங்க.

வழி 1: பழைய குடும்பம் (ஐநெட்_அட்டர், ஐநெட்_ஏடூஎன், ஐநெட்_என்டூஏ)

1980-கள்ல பிஎஸ்டி யூனிக்ஸ் சாக்கெட்டோட வந்தவங்க இவங்க. இன்னைக்கும் எந்த டுடோரியலைத் திறந்தாலும் முதல்ல கண்ணுல படறது இதுதான், காலேஜ் லேப் ரெக்கார்ட்ல எழுதறதும் இதைத்தான்.

கறார்ங்கறது இதுகிட்ட கிடையாது. 127.1 குடுத்தா 127.0.0.1-னு எடுத்துக்கும். 2130706433-னு ஒரே நம்பரா குடுத்தாலும் அதே 127.0.0.1. பூஜ்யத்துல ஆரம்பிச்சா ஆக்டல், 0எக்ஸ்-ல ஆரம்பிச்சா ஹெக்ஸ். அந்தக் காலத்துல ஏ க்ளாஸ், பி க்ளாஸ் நெட்வொர்க் எழுத இது சௌகரியமா இருந்திருக்கும், இன்னைக்கு இது உள்ளூர் அட்ரஸை மறைச்சு அனுப்ப நினைக்கறவனுக்குத்தான் சௌகரியம். இன்னும் ஒண்ணு, ஜிலிப்சி-ல (லினக்ஸ்ல வழக்கமா இருக்கற சி லைப்ரரி) ஐநெட்_ஏடூஎன் அட்ரஸுக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் வந்துட்டா அதுக்கு மேல என்ன இருந்தாலும் கண்டுக்காது, அட்ரஸ், ஸ்பேஸ், அப்புறம் ஏதோ குப்பைனு குடுத்தாலும் சரினு சொல்லிடும்.

ஐநெட்_அட்டர் இன்னும் மோசம். தோத்தா -1 திருப்பும், அதை 32 பிட்டா பாத்தா எல்லா பிட்டும் 1, அதாவது 255.255.255.255. அது முறையான ப்ராட்காஸ்ட் அட்ரஸ். ஆக யாராவது உண்மையிலேயே ப்ராட்காஸ்ட் அட்ரஸ் குடுத்தா அது தோல்வியா சரியானு உங்களால பிரிச்சுச் சொல்லவே முடியாது. ஏடூஎன் இதை சரி பண்ணதுதான், விடையை தனியா பாயிண்டர்ல குடுத்து வெற்றியா இல்லையானு தனியா சொல்லும், ஆனா அது போசிக்ஸ்ல (யூனிக்ஸ் மாதிரி சிஸ்டம்களுக்கான பொது ஸ்டாண்டர்டு) இல்ல.

வெளிய போற பக்கம் ஐநெட்_என்டூஏ. இது தன்னோட ஸ்டாட்டிக் பஃபர்ல எழுதி அதோட பாயிண்டரைத் திருப்பும். ஒரே பிரிண்ட்எஃப்-ல அனுப்பினவர் அட்ரஸ், வாங்கினவர் அட்ரஸ் ரெண்டையும் இதை வெச்சே போட்டீங்கன்னா ரெண்டு இடத்துலயும் ஒரே அட்ரஸ் அச்சாகும், ஏன்னா ரெண்டாவது கால் முதலாவதை அழிச்சுட்டு அதே இடத்துல எழுதிடுச்சு. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு நாள் முழுக்க பேக்கெட் எல்லாம் தனக்குத்தானே போய்க்கிட்டு இருக்குனு நம்பி ரவுட்டிங் டேபிளைத் தோண்டிக்கிட்டு இருந்தேன், ரவுட்டிங்ல ஒண்ணும் இல்ல, லாக் வரிலதான் தப்பு. ஜிலிப்சி-ல அந்த பஃபர் த்ரெட்டுக்கு ஒண்ணா இருக்கறதால த்ரெட்டுக்கு த்ரெட் மோதாது, ஆனா ஒரே வரில ரெண்டு தடவை கூப்பிட்டா அது காப்பாத்தாது.

ஐபிவி6 சுத்தமா கிடையாது. விசுவல் ஸ்டூடியோ இதை யூஸ் பண்ணாலே பழசு, மாத்துனு வார்னிங் குடுக்கும்.

எப்ப இது சரி? பழைய கோட் பேஸ் ஒண்ணை மெயின்டெய்ன் பண்றீங்க, அதோட கான்ஃபிக் ஃபைல்கள்ல 10.1-னு சுருக்கி எழுதின அட்ரஸ் நூத்துக்கணக்குல இருக்கு, அதை உடைக்கக்கூடாதுன்னா ஐநெட்_ஏடூஎன் இருக்கட்டும். புதுசா எழுதற கோட்ல இதுக்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியல.

வழி 2: ஐநெட்_பிடூஎன், ஐநெட்_என்டூபி

பி-னா ப்ரெசென்டேஷன், மனுஷன் படிக்கற வடிவம், என்-னா நெட்வொர்க். ஐபிவி6 வந்தப்ப 1990-கள் கடைசில இதுங்க வந்துச்சு, போசிக்ஸ்லயும் இருக்கு, விண்டோஸ்ல விஸ்டால இருந்து இருக்கு.

உள்ள வர்ற பக்கம் இதுதான் இருக்கறதுலயே கறாரான ஆளு. நாலு தசம எண், நடுவுல மூணு புள்ளி, அதைத் தவிர எதுவும் ஐபிவி4-க்கு செல்லாது. 127.1 செல்லாது, ஹெக்ஸ் செல்லாது, பின்னாடி ஒரு ஸ்பேஸ் இருந்தாக்கூட செல்லாது. ஜிலிப்சி-லயும், இன்னொரு சி லைப்ரரியான மஸ்ல்-லயும் முன்பூஜ்யமும் செல்லாது. யூசர் காப்பி பேஸ்ட் பண்றப்ப வால்ல ஒட்டிக்கிட்டு வர்ற ஸ்பேஸை நீங்கதான் முன்னாடியே வெட்டணும், அது நல்லதுதான், எதை வெட்டறோம்னு நமக்குத் தெரிஞ்சு வெட்டறோம்.

இப்ப மறைஞ்சிருக்கற செலவு. முதல்ல ரிட்டர்ன் வேல்யூ. வெற்றின்னா 1, டெக்ஸ்ட் தப்புன்னா 0, அட்ரஸ் ஃபேமிலியே தெரியலன்னா -1. சி-ல பாதி ஃபங்ஷன் தோத்தா -1 குடுக்கறதால கை பழக்கத்துல பூஜ்யத்துக்குக் கீழயானு மட்டும் செக் பண்ணி விட்டுடறாங்க, அப்ப தப்பான டெக்ஸ்ட் வந்தா 0 திரும்பும், செக் அதைத் தாண்டி விட்டுடும், ஸ்ட்ரக்ட்ல பழைய குப்பை அப்படியே இருக்கும். 1-க்கு சமமானு மட்டும்தான் பாக்கணும். வேற வழில இருந்து இதுக்கு மாறும்போது இன்னும் கவனம் வேணும், ஏடூஎன்-க்கு 0-னா தோல்வி, அடுத்து வழி 3-ல வர்ற கெட்அட்டர்இன்ஃபோ-க்கு 0-னா வெற்றி, இதுக்கு 0-னா தோல்வி ஆனா -1-உம் தோல்வி. ஃபங்ஷன் பேரை மட்டும் மாத்திட்டு இஃப் கண்டிஷனை அப்படியே விட்டா தலைகீழா ஆயிடும்.

ரெண்டாவது, விடை போற பாயிண்டர் வாய்ட் பாயிண்டர். அதுக்கு 4 பைட் இன்_அட்டர் இல்லன்னா 16 பைட் இன்6_அட்டர் குடுக்கணும், ஆனா தெரியாம முழு சாக்அட்டர்_இன்-ஐயே குடுத்தா கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது, ஃபேமிலியும் போர்ட்டும் இருக்கற இடத்துல அட்ரஸ் போய் உக்காந்துக்கும், கனெக்ட் ஏன் தோக்குதுனு மண்டையைப் பிச்சுக்கணும். ஃபேமிலில ஐபிவி6-னு சொல்லிட்டு 4 பைட் இடத்தைக் குடுத்தா அது இன்னும் ஆபத்து, 16 பைட் எழுதி பக்கத்துல இருக்கறதை அழிச்சிடும்.

வெளிய போற பக்கம் என்டூபி. பஃபர் நம்மளோடது, அளவையும் நாமதான் சொல்றோம், பத்தலன்னா நல் திருப்பி எர்ர்நோ-ல இடம் போதலனு சொல்லும். ஐபிவி4-க்கு 16, ஐபிவி6-க்கு 46 பைட். 46 எப்படி வந்துச்சுன்னா, எட்டு குரூப்புக்கு நாலு நாலு ஹெக்ஸ் எழுத்தும் நடுவுல ஏழு கோலனும் சேந்தா 39-தான், ஆனா ஐபிவி6-ஓட கடைசி 32 பிட்டை புள்ளி வெச்ச ஐபிவி4 வடிவத்துல எழுதலாம், அப்படி எழுதினா நீளமானது 45 எழுத்து, கடைசில ஒரு நல். 40 போதும்னு தானா கணக்குப் போட்டு வெச்ச பஃபரை நான் ரெண்டு மூணு கோட் ரிவ்யூல பாத்திருக்கேன். ஹெடர்ல இருக்கற கான்ஸ்டன்ட் பேரையே எழுதுங்க, கணக்கு வேண்டாம்.

இதுக்குத் தெரியாத ஒண்ணு ஸ்கோப். எஃப்ஈ80::1%ஈத்0 மாதிரி லிங்க்-லோக்கல் அட்ரஸ்ல சதவீதக் குறிக்கு அப்புறம் வர்ற இன்டர்ஃபேஸ் பேரு இல்லாம அந்த அட்ரஸுக்கு அர்த்தமே இல்ல, ஒரே மெஷின்ல ரெண்டு கார்டு இருந்தா எந்தப் பக்கம்னு தெரியாது. பிடூஎன் அதை ஏத்துக்காது, என்டூபி அதை எழுதாது, ஏன்னா ஸ்கோப் இருக்கறது இன்6_அட்டர்-ல இல்ல, அதுக்கு வெளிய சாக்அட்டர்_இன்6-ல. போர்ட்டும் அப்படித்தான், அது இவங்க வேலை இல்ல.

எப்ப சரி? கான்ஃபிக் ஃபைல், அனுமதி லிஸ்ட், யூசர் டைப் பண்ணது, நெட்வொர்க்ல வந்த ஹெடர், எதுல இருந்தாவது ஒரு ஐபி அட்ரஸ் மட்டும்தான் வரணும், ஹோஸ்ட்நேம் வரக்கூடாதுன்னா இது.

வழி 3: கெட்அட்டர்இன்ஃபோ, கெட்நேம்இன்ஃபோ

இது கொஞ்சம் பெரிய ஆளு. முழு சாக்அட்டர் ஸ்ட்ரக்ட்டையே டெக்ஸ்ட்ல இருந்து கட்டித் தரும், ஃபேமிலி, போர்ட், ஸ்கோப் எல்லாம் சேத்து. திருப்பி எழுதும்போதும் அதே. பைன்ட், கனெக்ட் ரெண்டுக்கும் அப்படியே தூக்கிக் குடுக்கலாம், ஐபிவி4-ஆ 6-ஆனு உங்க கோட்ல ஒரு இஃப்கூட வேணாம். சர்வர் பேரை யூசர் டைப் பண்ற இடத்துல இதை விட்டா வேற நல்ல வழி இல்ல.

ஆனா இதோட இயல்பான குணம் நெட்வொர்க்குக்குப் போறது. ஏஐ_நியூமெரிக்ஹோஸ்ட் ஃப்ளாக் போடலன்னா அட்ரஸ் மாதிரி தெரியாத எதையும் ஹோஸ்ட்நேம்னு நினைச்சு தேடப் போகும். யூசர் 192.0.2.300-னு தப்பா அடிச்சா உடனே தப்புனு வராது, அந்தப் பேர்ல ஒரு மெஷின் இருக்கானு டிஎன்எஸ் கிட்ட கேட்டுட்டு வந்துதான் சொல்லும்.

கெட்நேம்இன்ஃபோ பக்கம் இது இன்னும் வலிக்கும். என்ஐ_நியூமெரிக்ஹோஸ்ட் போடலன்னா ஒவ்வொரு அட்ரஸுக்கும் ரிவர்ஸ் டிஎன்எஸ் (இந்த ஐபிக்கு என்ன பேருனு) கேக்கும், பேரு கிடைக்கலன்னா அமைதியா நம்பரையே எழுதிடும். அதனால டெவலப்மென்ட் மெஷின்ல பேரு கிடைக்காம நம்பர் வர்றப்ப, ஆஹா நம்பர்தான் எழுதுதுனு நினைச்சுட்டுப் போயிடுவோம். நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல கனெக்‌ஷன் வந்தா லாக் எழுதற ஒரே வரில இந்த ஃப்ளாக் விட்டுப் போச்சு. ரெண்டு வருஷம் யாருக்கும் தெரியல. ஒரு நாள் டிஎன்எஸ் சர்வர் விழுந்துச்சு, லினக்ஸ்ல ரிசால்வர் இயல்பா ஒரு தடவைக்கு 5 செகண்ட் காத்திருந்து ரெண்டு தடவை முயற்சி பண்ணும், எங்க சர்வர் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் 10 செகண்ட் லாக் வரில நின்னுக்கிட்டு இருந்துச்சு. டிஎன்எஸ்ஸே தேவைப்படாத ஒரு சர்வர் டிஎன்எஸ் இல்லாம படுத்துடுச்சு. ரெண்டு நாள் தூங்காம தேடினாங்க, சரி பண்ணது ஒரே ஒரு ஃப்ளாக். போர்ட்டுக்கும் என்ஐ_நியூமெரிக்சர்வ் போடணும், இல்லன்னா 443-க்குப் பதிலா எச்டிடிபிஎஸ்-னு எழுதி லாக்ல தேடறவங்களைக் குழப்பும்.

அதோட ரிவர்ஸ் பேரை நம்பி லாக் எழுதறது பாதுகாப்பும் இல்ல, அந்த ஐபியோட சொந்தக்காரர் தன் பிடிஆர் ரெக்கார்ட்ல (ரிவர்ஸ் பேரு இருக்கற டிஎன்எஸ் பதிவு) எந்தப் பேரை வேணா போட்டுக்கலாம்.

சரி, நியூமெரிக்ஹோஸ்ட் ஃப்ளாக் போட்டாச்சு, இனி கறாரா இருக்கும்னு நினைச்சா, இல்ல. டிஎன்எஸ் போகாதே தவிர, ஐபிவி4 விஷயத்துல இது பழைய குடும்பத்தோட விதியைத்தான் பின்பத்துது. 127.1-ஐ ஏத்துக்கும், ஜிலிப்சி-ல 010.8.8.8 இங்கயும் 8.8.8.8-தான். ஜிலிப்சி 2.29-க்கு முன்னாடி அட்ரஸுக்குப் பின்னாடி ஸ்பேஸ் விட்டு என்ன குப்பை இருந்தாலும் ஏத்துக்கிட்டு இருந்துச்சு, அதுதான் சிவிஇ-2016-10739. செக் பண்ணியாச்சுனு நம்பி அதே ஸ்ட்ரிங்கை அப்படியே எச்டிடிபி ஹெடர்ல போட்டவங்களுக்கு அது ஹெடருக்குள்ள ஹெடர் நுழைக்கற ஓட்டை. 2019-ல வந்த 2.29-ல கெட்அட்டர்இன்ஃபோ-வை மட்டும் சரி பண்ணாங்க, ஏடூஎன்-ஐ பழைய கோட் உடையக்கூடாதுனு அப்படியே விட்டுட்டாங்க. இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒண்ணு, செக் பண்ணி முடிச்சதும் அந்த ஸ்ட்ரிங்கைத் தொடக்கூடாது. மறுபடி டெக்ஸ்ட் வேணும்னா ஸ்ட்ரக்ட்ல இருந்து புதுசா எழுதிக்கணும்.

சில்லறைச் செலவுகள்: விடை லிங்க்டு லிஸ்ட்டா வரும், ஃப்ரீ பண்ணணும். சாக்கெட் டைப் சொல்லலன்னா லினக்ஸ்ல ஒரே அட்ரஸ் டிசிபி, யூடிபி, ரா-னு மூணு தடவை வரும். பிழையை எர்ர்நோ-ல தேடக்கூடாது, அதுக்குனு தனி ஜிஏஐ_ஸ்ட்ர்எர்ரர் இருக்கு. ஜிலிப்சி-ஓட ஸ்டாட்டிக்கா லிங்க் பண்ணா, ஓடற மெஷின்லயும் அதே வெர்ஷன் ஷேர்டு லைப்ரரி வேணும்னு லிங்க்கர் எச்சரிக்கும், ஒரே பைனரியா தூக்கிட்டுப் போகலாம்னு நினைச்சவங்களுக்கு அது பெரிய தடங்கல்.

வழி 4: கையால எழுதறது

எஸ்ஸ்கேன்எஃப் வெச்சு நாலு நம்பர் படிச்சா முடிஞ்சதுனு தோணும். 999 வரும், தனியா ரேஞ்ச் பாக்கணும். மைனஸ் வரும், %யூ போட்டாலும் -1-ஐ ஏத்துக்கிட்டு பெரிய நம்பரா மாத்தும். எண்ணுக்கு முன்னாடி ஸ்பேஸ் இருந்தா தாண்டிடும், அதனால 1. 2. 3. 4 கூட பாஸ். கடைசில குப்பை இருந்தாலும் 4-தான் திரும்பும், %என் வெச்சு எங்க நின்னுச்சுனு பாக்கணும். இன்ட்-ல அடங்காத நம்பர் குடுத்தா என்ன நடக்கும்னு சி ஸ்டாண்டர்டே சொல்லல. இத்தனையும் சரி பண்ணதுக்கு அப்புறம் பைட் ஆர்டர் இருக்கு, அதுக்கு அப்புறம் ஐபிவி6 இருக்கு. ரெட்டைக் கோலன் ஒரு தடவைதான் வரலாம், எங்க வேணா வரலாம், கடைசில ஐபிவி4 ஒட்டிக்கிட்டு வரலாம். அதை நீங்க கையால எழுதக்கூடாதுனு கெஞ்சிக் கேக்கறேன்.

ஆனா கையால எழுதறதுதான் சரினு சொல்ற இடமும் இருக்கு. லிப்சி-யே இல்லாத மைக்ரோகண்ட்ரோலர். சிக்னல் ஹேண்ட்லருக்குள்ள அட்ரஸ் அச்சிடணும், அங்க என்டூபி-யோ எஸ்என்பிரிண்ட்எஃப்-ஓ கூப்பிடலாம்னு போசிக்ஸ் உறுதி குடுக்கல, நாலு பைட்டை நாமே எழுத்தா மாத்தி ரைட் பண்ணிக்கணும். இன்னொண்ணு, எம்மேப் பண்ண (மெமரியா பாக்கற மாதிரி திறந்த) பெரிய லாக் ஃபைல்ல கோடிக்கணக்கான வரில அட்ரஸ் பொறுக்கறது. பிடூஎன் நல்-ல முடியற ஸ்ட்ரிங்தான் கேக்கும், நடு வரில இருக்கற அட்ரஸுக்கு ஒவ்வொரு தடவையும் காப்பி எடுக்கணும், அங்க நீளம் வாங்கிக்கற ஒரு சின்ன ஐபிவி4 பார்சர் நியாயம்தான். லினக்ஸ் கெர்னல்ல இருக்கற இன்4_பிடூஎன் நீளம் வாங்கிக்கும், கெர்னல் மாட்யூல் எழுதறவங்களுக்கு அச்சிடவும் %பிஐ4, %பிஐ6சி இருக்கு, அங்க கையால எழுதவே வேணாம்.

வெளிய போற பக்கம் ஐபிவி4-ஐ நாலு பைட்டா எடுத்து எஸ்என்பிரிண்ட்எஃப்-ல எழுதறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல, அதுல தப்பு நடக்க இடம் கம்மி.

ஒரே பார்வைல

| | பழைய குடும்பம் | பிடூஎன் / என்டூபி | கெட்அட்டர்இன்ஃபோ / கெட்நேம்இன்ஃபோ | கையால |
|---|---|---|---|---|
| 010.8.8.8 | 8.8.8.8 | ஏத்துக்காது | 8.8.8.8 | 10.8.8.8 |
| 127.1 | ஏத்துக்கும் | ஏத்துக்காது | ஏத்துக்கும் | ஏத்துக்காது |
| ஐபிவி6 | இல்ல | உண்டு | உண்டு | எழுதினாதான் |
| ஸ்கோப், போர்ட் | இல்ல | இல்ல | ரெண்டும் உண்டு | எழுதினாதான் |
| எழுதற பஃபர் | லைப்ரரியோடது | நம்மளோடது | நம்மளோடது | நம்மளோடது |
| படிக்கறப்ப வெற்றி | ஏடூஎன்: பூஜ்யம் அல்லாதது | 1 | 0 | 4, அதுவும் போதாது |
| டிஎன்எஸ் போகுமா | போகாது | போகாது | ஃப்ளாக் இல்லன்னா போகும் | போகாது |

அப்ப எனக்கு எது?

அனுமதி லிஸ்ட், ஃபயர்வால் ரூல், நம்ப முடியாத இடத்துல இருந்து வர்ற அட்ரஸ் எல்லாம் பிடூஎன்-ல படிங்க. முதல்ல ஐபிவி4-ஆ முயற்சி பண்ணி, தோத்தா ஐபிவி6-ஆ முயற்சி பண்ணுங்க, ரெண்டும் தோத்தா தப்புனு சொல்லிடுங்க. ஹோஸ்ட்நேமும் வரலாம்னா கெட்அட்டர்இன்ஃபோ, ஆனா அனுமதி பாக்கறது அது குடுத்த ஸ்ட்ரக்ட்ல இருக்கற பைட்டை வெச்சு, கனெக்ட் பண்றதும் அதே ஸ்ட்ரக்ட்டை வெச்சு. பேரை ரெண்டாவது தடவை தேடாதீங்க, ரெண்டு தேடலுக்கு நடுவுல விடை மாறலாம்.

லாக் எழுத நான் எடுக்கறது கெட்நேம்இன்ஃபோ, ரெண்டு நியூமெரிக் ஃப்ளாக்கும் போட்டு. படிக்கறதுக்கு ஒரு குடும்பம், எழுதறதுக்கு வேற குடும்பம்னு சொல்றது சில பேருக்கு உறுத்தும், ஆனா அக்செப்ட் பண்ணப்ப கிடைச்ச சாக்அட்டர்_ஸ்டோரேஜ்-ஐ அப்படியே குடுத்தா போர்ட், ஸ்கோப் எல்லாம் சேந்து ஃபேமிலிக்கு ஒரு ஸ்விட்ச் கேஸ் இல்லாம வந்துடுது. சாக்அட்டர் கையில இல்ல, வெறும் அட்ரஸ் பைட்தான் இருக்கு, உதாரணமா பேக்கெட் ஹெடர்ல இருந்து எடுத்ததுன்னா என்டூபி.

நாலு பேரும் கைவிடற இடம்

[2001:டிபி8::1]:443 மாதிரி அடைப்புக்குறியோட வர்ற வடிவத்தை இதுல எந்த ஃபங்ஷனும் பிரிக்காது. அடைப்புக்குறியை நீங்கதான் கழட்டணும், போர்ட்டை ஸ்ட்ர்டூஎல்-ல படிச்சு, எங்க நின்னுச்சுனு பாத்து, 65535-க்குள்ள இருக்கானு பாக்கணும். ஏடூஐ வேணாம், அது தோத்தாலும் 0-தான் சொல்லும், 0-ல பைன்ட் பண்ணா கெர்னல் ஏதோ ஒரு போர்ட்டை எடுத்துக் குடுத்துடும். வெறும் கடைசிக் கோலனைத் தேடிப் பிரிக்கற கோட் அடைப்புக்குறி இல்லாத ஐபிவி6 வந்தா அட்ரஸோட வாலையே போர்ட்டுனு வெட்டிடும்.

ஐபிவி6 சாக்கெட் ஒண்ணுலயே ஐபிவி4-உம் வாங்கற சர்வர்ல, வர்றவங்க அட்ரஸ் ::எஃப்எஃப்எஃப்எஃப்:192.0.2.1-னு தெரியும். இதை டெக்ஸ்ட்டா வெச்சு 192.0.2.1 இருக்கற லிஸ்ட்ல தேடினா கிடைக்காது. ஐபிவி6-ல எழுத்து வித்தியாசமும் உண்டு, 2001:டிபி8::1-உம் 2001:0டிபி8:0:0:0:0:0:1-உம் ஒரே அட்ரஸ்தான், 2010-ல ஆர்எஃப்சி 5952 ஒரே மாதிரி எழுதணும்னு சொன்னாலும் யூசர் எப்படி வேணா டைப் பண்ணுவாங்க. அதனால டெக்ஸ்ட்டை டெக்ஸ்ட்டோட ஒப்பிடற கோட் எங்க இருந்தாலும் எடுத்துடுங்க, ரெண்டு பக்கத்தையும் பைட்டாக்கி, ::எஃப்எஃப்எஃப்எஃப்:-னு மேப் ஆனதை ஐபிவி4-ஆ பிரிச்சுட்டு ஒப்பிடுங்க.

யூனிக்ஸ் சாக்கெட்ல (ஒரே மெஷினுக்குள்ள பேச யூஸ் பண்றது) லினக்ஸ்ல பாத் இருக்கற இடம் 108 பைட், கடைசில நல் இருந்தே ஆகணும்னு இல்ல, ஃபைல் இல்லாம பேரு மட்டும் இருக்கற அப்ஸ்ட்ராக்ட் சாக்கெட்னா முதல் பைட்டே நல். அதை %எஸ்-ல அச்சிட்டா ஒண்ணுமே வராது. நீளத்தை வெச்சு பைட் பைட்டா எழுதறதுதான் வழி.

மத்த ஸ்ட்ரக்ட்டுக்கும் இதே கேள்விகள்தான்

ஐபி-யை விட்டு வெளிய வந்தாலும் கதை அதிகம் மாறாது. மேக் அட்ரஸுக்கு ஈதர்_என்டூஏ ஸ்டாட்டிக் பஃபர்தான், அதோட முன்பூஜ்யத்தை விட்டுடும், 02:0ஏ-னு இருக்க வேண்டியது 2:ஏ-னு வரும், டேட்டாபேஸ்ல இருக்கறதோட ஒத்துப் போகாது. ஆறு பைட்டை %02எக்ஸ் வெச்சு நீங்களே எழுதறது மேல். நேரத்துக்கு சிடைம், அஸ்க்டைம் ரெண்டும் ஸ்டாட்டிக் பஃபர், சி23-ல பழசுனு ஒதுக்கிட்டாங்க, ஸ்ட்ர்எஃப்டைம் எடுங்க, ஆனா அது 0 திருப்பினா இடம் போதலையா இல்ல விடையே காலி ஸ்ட்ரிங்கானு தெரியாது, ஃபார்மட்ல ஒரு நிச்சயமான எழுத்தைச் சேத்துட்டா இந்தக் குழப்பம் வராது. திருப்பிப் படிக்கற ஸ்ட்ர்பிடைம், டெக்ஸ்ட்ல இல்லாத ஃபீல்டைத் தொடாது, அதனால டிஎம் ஸ்ட்ரக்ட்டை முதல்ல பூஜ்யமாக்கிட்டுக் கூப்பிடுங்க, டிஎம்_ஐஎஸ்டிஎஸ்டி-ஐ மட்டும் -1 வைங்க, இல்லன்னா கோடை நேரம் மாத்தற ஊர்ல உங்க யூசர் ஒருத்தருக்கு பாதி வருஷம் மணி ஒண்ணு தள்ளி வரும்.